டேப் ரிக்கார்டர் கம்பெனியின் சைக்கிள் ரகசியம்

'நேஷனல் பானாசோனிக்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த மாமா, பெட்டியைத் திறந்து எடுத்து வைத்த டூ-இன்-ஒன்தானே? இப்போது ஒரு ரகசியம் கேளுங்கள். அந்தக் கம்பெனி சைக்கிளும் செய்தது. அதுவும் டூர் டி பிரான்ஸ் வரை போய் ஓடிய சைக்கிள். அதைவிடப் பெரிய ரகசியம், சைக்கிள் என்று ஒன்று இல்லாவிட்டால் மாமாவின் டூ-இன்-ஒன்னே வந்திருக்காது என்பதுதான்!

வாருங்கள், ஷோரூமை விட்டுவிட்டுப் பட்டறைப் பக்கமாக நுழைவோம்.

1905. ஒசாகாவில் வியாபாரிகள் நிறைந்த செம்பா பகுதி. அங்கே ஒரு சைக்கிள் கடையில் பத்து வயதுப் பையன் ஒருவன் எடுபிடியாகச் சேர்கிறான். பெயர் கோனொசுகே மட்சுஷிடா. வகயாமா பக்கத்துக் கிராமத்தில் வசதியாக இருந்த குடும்பம். அப்பா அரிசிச் சந்தையில் யூக வியாபாரம் செய்து சொத்தைக் கோட்டைவிட்டார். பையன் கடையைப் பெருக்குகிறான், துடைக்கிறான், ரிப்பேர் வேலைக்குக் கைகொடுக்கிறான்.

ரிப்பேருக்கு வந்து காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் அவனைத்தான் சிகரெட் வாங்க விரட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் கை கழுவிக்கொண்டு ஓட வேண்டும். பையன் யோசித்தான். மொத்தமாக இருபது பாக்கெட் வாங்கினால் ஒரு பாக்கெட் இனாம். வாங்கிக் கடையிலேயே வைத்துக்கொண்டான். ஓட்டமும் மிச்சம், இனாம் பாக்கெட்டின் காசும் மிச்சம். பிற்காலத்தில் உலகத்துக்கே டிவி விற்கப் போகிறவரின் முதல் லாபம் இதுதான்!

பதின்மூன்று வயதில் முதல் சைக்கிள் விற்பனை. வாங்க வந்தவர் ஒரு கொசுவலை வியாபாரி. பத்து சதவீதம் தள்ளுபடி கேட்டார். பையன் சந்தோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டு முதலாளியிடம் ஓடிவந்தான். முதலாளி அசையவில்லை. ஐந்து சதவீதத்துக்கு மேல் ஒரு காசு குறையாது என்றுவிட்டார். பையன் அங்கேயே அழ ஆரம்பித்தான். விஷயம் வியாபாரி காதுக்குப் போனது. அவர் நெகிழ்ந்துபோய் ஐந்து சதவீதத்துக்கே வாங்கிக்கொண்டார். அதோடு விடவில்லை, நீ இந்தக் கடையில் இருக்கும்வரை எங்களுக்குச் சைக்கிள் இங்கேதான் என்று வாக்கும் கொடுத்தார். விற்பனைப் பயிற்சி வகுப்புகளில் இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பதாகத் தெரியவில்லை.

கடையை விட்டு மின்சாரக் கம்பெனி வேலை, பிறகு 1918-ல் சொந்தத் தொழில், அதுதான் பின்னாளில் நம் நேஷனல் பானாசோனிக். அதை வேகமாகக் கடந்துவிடலாம். ஏனென்றால் 1923-ல் சைக்கிள் திரும்பவும் வந்து நிற்கிறது, இந்த முறை விளக்கு ரூபத்தில். அந்தக் காலத்தில் ராத்திரி சைக்கிள் ஓட்டுகிறவர்களின் பாடு பெரும்பாடு. மெழுகுவர்த்தி விளக்கு காற்றடித்தால் அணைந்துவிடும். பேட்டரி விளக்கோ இரண்டு மூன்று மணி நேரத்தில் கண்ணை மூடிவிடும். மட்சுஷிடா தோட்டா வடிவத்தில் ஒரு விளக்கு செய்தார். அது முப்பது மணி நேரத்துக்கு மேல் எரிந்தது!

மொத்த வியாபாரிகள் நம்பவில்லை. பேட்டரி விளக்கு என்றாலே முகம் சுளித்தார்கள். அவர் நேராகச் சைக்கிள் கடைகளுக்குப் போனார். கடைக்குச் சில விளக்குகளைக் காசு வாங்காமல் வைத்து, அதில் ஒன்றை எரியவிட்டுவிட்டு வந்தார். எவ்வளவு நேரம் எரிகிறது என்று நீங்களே பாருங்கள், திருப்தியாக இருந்தால் காசு கொடுங்கள் என்பதுதான் பேச்சு. கடைக்காரர்களின் மனசு எப்படி ஓடும் என்று ஒரு பழைய கடைப் பையனுக்குத் தெரியாதா என்ன! நான்கு வருஷம் கழித்து, 1927-ல் சதுரமாக இன்னொரு விளக்கு. அதில்தான் முதன்முதலாக 'நேஷனல்' என்று பெயர் பொறித்தார்கள். ஆமாம், டூ-இன்-ஒன்னின் நெற்றியில் இருந்த அதே நேஷனல். அறிமுகம் செய்ய பத்தாயிரம் விளக்குகளை இலவசமாகவே கொடுத்தார்கள்.

1952-ல் சைக்கிளுக்கென்றே தனிக் கம்பெனி பிறந்தது. எழுபதுகளில் அமெரிக்காவின் ஷ்வின் கம்பெனி, தன் பெயர் போட்டு விற்ற சில மாடல்களை இவர்களிடம்தான் செய்து வாங்கியது. வேர்ல்ட் வாயேஜர் அதில் ஒன்று. அமெரிக்கர்கள் பலர் தங்கள் ஷ்வின் சைக்கிளை டிவி கம்பெனி செய்தது என்று தெரியாமலே ஓட்டியிருப்பார்கள்.

இனிமேல்தான் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். 1987, ஒசாகாவை அடுத்த காஷிவாரா தொழிற்சாலை. சைக்கிள் சந்தை மந்தமாக இருந்த நேரம். ஒசாகாவின் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரில் பெண்கள் உடைக்கு அளவு கொடுத்துவிட்டு இரண்டே வாரத்தில் வாங்கிப் போவதைக் கம்பெனித் தலைவர் பார்த்தார். சைக்கிளுக்கு ஏன் கூடாது என்று கேட்டார். அவ்வளவுதான், பானாசோனிக் ஆர்டர் சிஸ்டம் தயார்!

கடையில் அளவெடுக்கவென்றே ஒரு சட்டம் நிற்கும். சீட், ஹேண்டில்பார், பெடல் எல்லாவற்றையும் நகர்த்தலாம். நீங்கள் ஏறி உட்கார வேண்டும். கடைக்காரர் உங்கள் காலையும் கையையும் அளந்து எழுதி, தொழிற்சாலைக்கு ஃபேக்ஸ் அனுப்புவார். அங்கே கம்ப்யூட்டர் மூன்று நிமிஷத்தில் உங்கள் பிரேமின் வரைபடத்தைப் போட்டுத் தள்ளும். முன்பு கையால் வரைய மணிக்கணக்காகும். கூடவே ஒரு பார்கோடு. அது குழாயோடு குழாயாகப் பட்டறை முழுக்கப் பயணம் போகும். எந்த நீளத்தில் வெட்டுவது, எங்கே பற்றவைப்பது, என்ன வண்ணம் அடிப்பது என்று ரோபோவுக்கும் ஆட்களுக்கும் அது சொல்லிக்கொண்டே போகும். பதினெட்டு மாடல், 199 வண்ண அமைப்பு. எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டினால் ஒரு கோடியே 12 லட்சத்து 31 ஆயிரத்து 862 விதமான சைக்கிள்! செய்து முடிக்க இருந்தவர்களோ சுமார் இருபது பேர். கடைசியில் பிரேமின் மேல் உங்கள் பெயரையும் அச்சிட்டுவிடுவார்கள்.

இதில் குறும்பு எங்கே என்றால், உங்கள் சைக்கிளைச் செய்து முடிக்க அவர்களுக்குத் தேவைப்பட்டது சில மணி நேரம்தான். ஆனால் உங்களுக்குச் சொல்வது இரண்டு வாரம். வேண்டுமென்றேதான்! தனக்கென்று ஒன்று தயாராகிறது என்று வாடிக்கையாளர் காத்திருக்கும் அந்தப் பரபரப்பும் சரக்கில் ஒரு பகுதி என்று விற்பனைப் பிரிவினர் வெளிப்படையாகவே சொன்னார்கள். தீபாவளிச் சட்டையைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டுத் தினமும் கடை வாசலை எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். ஏமாற்று வேலை என்று சிலர் முறைக்கலாம். நான் அவர்கள் கட்சி இல்லை.

சைக்கிள் கைக்கு வந்த பிறகும் விடமாட்டார்கள். நன்றி சொல்லிக் கடிதம் வரும். ஒரு வருஷம் ஆனதும் சைக்கிளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அட்டை வரும். உங்களுக்கு இல்லை, சைக்கிளுக்கு! விலை சாதாரண சைக்கிளைவிட நன்றாகவே அதிகம். அமெரிக்கக் கணக்கில் 545 டாலரில் தொடங்கி 3,200 வரை போனது.

பந்தயப் பெருமையும் கொஞ்சம். பானாசோனிக் பெயரில் நெதர்லாந்து அணி ஒன்று 1984 முதலே ஐரோப்பியப் பந்தயங்களில் ஓடியது. முதலில் வேறு கம்பெனிகளின் சைக்கிள்கள்தான். 1990-ல் பானாசோனிக் சைக்கிளுக்கே மாறினார்கள். அந்த வருஷ டூர் டி பிரான்ஸில் அணியாக ஓடும் நேரப் பந்தயத்தை வென்றார்கள்.

யென் மதிப்பு ஏற ஏற, ஏற்றுமதி கட்டுப்படியாகாமல் போனது. அமெரிக்கச் சந்தையை விட்டு விலகினார்கள். காஷிவாராவில் வேலை நிற்கவில்லை. இப்போது அங்கே மிதிப்பதற்கு மோட்டார் துணை செய்யும் பேட்டரி சைக்கிள்கள்தான் பிரதானம். அளவெடுத்துச் செய்யும் பிரிவும் தொடர்ந்தது.

எங்காவது பழைய பானாசோனிக் சைக்கிள் ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், முதலில் பிரேமில் யாருடைய பெயராவது அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவர் உங்கள் உயரம்தானா என்று ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.