ஹோம் அடைவுக்குத் தனிப் பகிர்வு ஏன்?

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களை நிறுவுவோர், பயனரின் கோப்புகள் தங்கும் 'ஹோம்' அடைவுக்கு வட்டில் தனிப் பகிர்வு ஒதுக்குவது நெடுநாள் வழக்கம். அதற்கான காரணம் வட்டில் இருப்பதைவிடப் பொதி மேலாண்மையில்தான் மிகுதியாக இருக்கிறது. பொதி என்பது ஒரு மென்பொருளின் கோப்புகளையும், பதிப்பு எண்ணையும், அது இயங்கத் தேவையான பிற பொதிகளின் பட்டியலையும் சேர்த்துக் கட்டிய ஒற்றைக் கோப்பு. டெபியனில் 'டிபிகேஜி' என்னும் கருவி அதைப் பிரித்து, உள்ளிருப்பவற்றை அமைப்பு அடைவுகளில் வைத்து, எந்தக் கோப்பு எந்தப் பொதிக்கு உரியது என்று பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. தேவைப்படும் பிற பொதிகளை அது தானே தேடிக் கொணராததால், 1999-இல் வெளியான டெபியன் 2.1 முதல் 'ஆப்ட்' என்னும் மேலடுக்குக் கருவி சார்புகளைக் கணக்கிட்டு, களஞ்சியத்திலிருந்து பொதிகளை இறக்கி, உரிய வரிசையில் டிபிகேஜியிடம் ஒப்படைக்கிறது.

பொதிகளின் கோப்புகள் ஹோம் அடைவில் வைக்கப்படுவதில்லை. ஆகவே இயங்குதளம் இருக்கும் மூலப் பகிர்வை முற்றாக அழித்து இயங்குதளத்தை மறுபடி நிறுவினாலும், ஹோம் பகிர்வை வடிவமைக்காமல் இணைத்துக்கொண்டால் ஆவணங்களும் தனிப்பட்ட அமைப்புகளும் அப்படியே கிடைக்கும். ஆனால் கோப்பின் உரிமை பெயரால் அன்றி எண்ணால் குறிக்கப்படுவதால், புதிய கணக்கின் பயனர் எண் பழையதோடு பொருந்த வேண்டும். உபுண்டுவில் முதல் பயனருக்கு இயல்பாகவே 1000 கிடைப்பதால் தனியாள் கணினியில் இச்சிக்கல் அரிது.

தனிப் பகிர்வு ஒதுக்க முன்பு பகிர்வுகளின் எண்ணிக்கையும் ஒரு தடை: வட்டின் பகிர்வுகளைப் பட்டியலிடும் பழைய எம்பிஆர் அட்டவணையில் அவற்றுக்கு 64 பைட்டுகளே உண்டு, ஒவ்வொன்றுக்கும் 16 வீதம் நான்கு முதன்மைப் பகிர்வுகள் மட்டுமே அடங்கும். இன்றைய ஜிபிடி முறையில் பொதுவாக 128 பதிவுகளுக்கு இடம் இருப்பதால் இக்கணக்கு பொருட்டன்று. மெய்யான தொல்லை பகிர்வின் எல்லை இறுகிப்போவதுதான்: ஹோமில் இடம் காலியாகக் கிடக்க, இறக்கிய பொதிகளும் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் பழைய பதிப்புகளும் சேர்ந்து மூலப் பகிர்வு நிரம்பிவிட்டால், அடுத்த புதுப்பிப்பு பாதியில் நின்றுவிடும்.