வீட்டில் செய்யும் கருமுட்டை வெளியேற்றச் சோதனை: பயனும் வரம்பும்

குழந்தைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் தம்பதியர் பலர், மருந்துக் கடைகளில் கிடைக்கும் கருமுட்டை வெளியேற்றச் சோதனைப் பட்டைகளை வீட்டிலேயே பயன்படுத்துகின்றனர். சிறுநீரைக் கொண்டு சில நிமிடங்களில் செய்யக்கூடிய எளிய சோதனை இது. முறையாகச் செய்தால், கருத்தரிக்க ஏற்ற நாள்களை அறிந்துகொள்ள உதவும். ஆனால் இச்சோதனை ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தருகிறது. கருக்குழாய்கள் திறந்துள்ளனவா, கணவரின் விந்தணுக்கள் போதிய எண்ணிக்கையில் உள்ளனவா என்பவற்றைப் பற்றி அது எதுவும் கூறாது. இதனை அறியாமல் பட்டைகளை மட்டுமே நம்பி ஓராண்டு, ஈராண்டு கடந்த பின்னர் மருத்துவரை நாடி வருவோரைப் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். சோதனையைச் சரியாகச் செய்யும் முறையையும், அதனை நிறுத்திவிட்டு மருத்துவரை அணுகவேண்டிய நேரத்தையும் இப்பக்கம் விளக்குகிறது.

சோதனை எதனைக் கண்டறிகிறது?

ஒவ்வொரு மாதவிடாய்ச் சுழற்சியிலும் சினைப்பையில் பொதுவாக ஒரு கருமுட்டை முதிர்ச்சி அடைகிறது. அது முதிரும் தறுவாயில், மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, லூட்டினைசிங் ஹார்மோன் எனப்படும் எல்.எச். ஹார்மோனைத் திடீரென மிகுதியாகச் சுரக்கிறது. இந்த ஏற்றம் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 24 முதல் 36 மணி நேரத்திற்குள் கருமுட்டை சினைப்பையிலிருந்து வெளியேறுகிறது. சிறுநீரில் காணப்படும் இந்த ஹார்மோன் ஏற்றத்தையே சோதனைப் பட்டை கண்டறிகிறது.

எனவே, நேர்முடிவு என்பது கருமுட்டை விரைவில் வெளியேறக்கூடும் என்பதற்கான முன்னறிவிப்பாகும். கருமுட்டை உறுதியாக வெளியேறிவிட்டது என்பதற்கான சான்று அன்று.

கருத்தரிக்க ஏற்ற நாள்கள் எவை?

வெளியேறிய கருமுட்டை 12 முதல் 24 மணி நேரம் வரை மட்டுமே கருவுறும் தன்மையுடன் இருக்கும். விந்தணுக்களோ பெண்ணின் உடலுக்குள் 5 நாள்கள் வரை உயிருடன் இருக்கக்கூடியவை. ஆகவே, கருமுட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்தைய 5 நாள்களும் சேர்ந்த 6 நாள்களே கருத்தரிக்க ஏற்ற காலமாகும். இவற்றிலும் வெளியேற்றத்திற்கு முந்தைய இரண்டு நாள்களில் வாய்ப்பு மிகுதி.

இதனால், பட்டையில் நேர்முடிவு தெரியும் வரை தாம்பத்திய உறவைத் தவிர்த்துக் காத்திருப்பது தவறு. அவ்வாறு காத்திருந்தால், ஏற்ற நாள்களில் பாதி வீணாகிவிடும். விந்தணுக்களைச் சேமித்து வைப்பதாக எண்ணி நெடுநாள் உறவைத் தள்ளிப்போடுவதாலும் பயனில்லை.

எந்த நாளில் தொடங்க வேண்டும்?

மாதவிடாய் உதிரப்போக்கு முழுமையாகத் தொடங்கிய நாளே சுழற்சியின் முதல் நாள். சிலர் தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுவதுண்டு. அவ்வாறு எண்ணினால் கணக்கு சில நாள்கள் பிந்திவிடும். ஹார்மோன் ஏற்றம் கண்ணில் படாமலேயே கடந்துவிடக்கூடும்.

ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்த மாதவிடாய் தொடங்குவதற்கு முந்தைய நாள் வரை உள்ள நாள்களே சுழற்சியின் நீளம். கடந்த சில மாதங்களில் மிகக் குறுகியதாக இருந்த சுழற்சியின் நீளத்திலிருந்து 17-ஐக் கழித்தால், சோதனையைத் தொடங்கவேண்டிய நாள் கிடைக்கும்.

- 24 நாள் சுழற்சி: 7-ஆம் நாள்
- 26 நாள் சுழற்சி: 9-ஆம் நாள்
- 28 நாள் சுழற்சி: 11-ஆம் நாள்
- 30 நாள் சுழற்சி: 13-ஆம் நாள்
- 32 நாள் சுழற்சி: 15-ஆம் நாள்
- 35 நாள் சுழற்சி: 18-ஆம் நாள்

"எல்லாப் பெண்களுக்கும் 14-ஆம் நாளில் கருமுட்டை வெளியேறும்" என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. பொதுவாக, அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள்களுக்கு முன்னரே கருமுட்டை வெளியேறுகிறது. 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 14-ஆம் நாளாக அமையும். 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு 21-ஆம் நாளை ஒட்டி அமையும்.

சோதனை செய்யும் முறை

1. பட்டையின் காலாவதித் தேதியைப் பாருங்கள். உறையைப் பயன்படுத்தும் வேளையில் மட்டுமே பிரியுங்கள்.
2. நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சோதனை செய்யுங்கள். ஹார்மோன் ஏற்றம் பெரும்பாலும் அதிகாலையில் தொடங்கி, சில மணி நேரம் கழித்தே சிறுநீரில் தெரிவதால், பல பட்டைகளுக்கு முற்பகல் 10 மணிக்குப் பிந்தைய நேரம் ஏற்றது. உங்கள் பட்டையின் குறிப்பேடு காலை முதல் சிறுநீரைப் பயன்படுத்தச் சொன்னால் அதனையே பின்பற்றுங்கள்.
3. சோதனைக்கு முந்தைய 2 மணி நேரம் தண்ணீர், மோர், தேநீர் முதலியவற்றை அளவுக்கு மீறிப் பருக வேண்டாம். சிறுநீர் நீர்த்துப்போனால் ஹார்மோன் தென்படாமல் போகலாம்.
4. தூய்மையான, உலர்ந்த கிண்ணத்தில் சிறுநீரைச் சேகரியுங்கள். குறிக்கப்பட்ட கோட்டைத் தாண்டாமல், குறிப்பேட்டில் சொல்லப்பட்ட நொடிகள் வரை பட்டையை அமிழ்த்துங்கள்.
5. பட்டையைச் சமதளத்தில் வைத்து, குறிப்பேடு கூறும் நிமிடங்களுக்குள் முடிவைப் பாருங்கள். அந்நேரம் கடந்த பின் தோன்றும் கோடுகளைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.
6. தேதியையும் முடிவையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

முடிவை எவ்வாறு புரிந்துகொள்வது?

பட்டையில் இரண்டு கோடுகள் தோன்றும். ஒன்று, பட்டை சரியாக இயங்குகிறது என்பதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு. மற்றொன்று சோதனைக் கோடு.

- நேர்முடிவு: சோதனைக் கோடு கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு இணையான அடர்த்தியுடன் அல்லது அதனினும் அடர்த்தியாக இருத்தல்.
- எதிர்முடிவு: சோதனைக் கோடு வெளிறியிருத்தல் அல்லது தோன்றாதிருத்தல்.
- செல்லாத சோதனை: கட்டுப்பாட்டுக் கோடு தோன்றாதிருத்தல். வேறு பட்டையைக் கொண்டு மீண்டும் செய்ய வேண்டும்.

கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோடு வெளிறித் தெரிந்தாலும் கர்ப்பமாக இருக்கலாம் என்று கருதுகிறோம். அதே பழக்கத்தில் இந்தப் பட்டையையும் பார்ப்பதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். எல்.எச். ஹார்மோன் எல்லா நாள்களிலும் சிறிதளவு சுரப்பதால், வெளிறிய கோடு இயல்பாகவே தெரியலாம். இச்சோதனையில் அது எதிர்முடிவேயாகும்.

நேர்முடிவு கிடைத்த பின்

நேர்முடிவு கிடைத்த நாளிலும் அடுத்த இரண்டு நாள்களிலும் தாம்பத்திய உறவு கொள்வது நல்லது. அதற்கு முந்தைய நாள்களிலும் ஒருநாள் விட்டு ஒருநாளேனும் உறவு இருந்திருத்தல் வேண்டும். அச்சுழற்சியில் மேற்கொண்டு சோதனை செய்யத் தேவையில்லை. மாதவிடாய் தள்ளிப்போனால் மட்டும் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். முன்கூட்டியே செய்தால், கர்ப்பமாக இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும்.

வெளியூரிலோ வெளிநாட்டிலோ பணிபுரியும் கணவர் விடுப்பில் வரும் நாள்களைத் திட்டமிட, முந்தைய மூன்று சுழற்சிகளின் குறிப்புகள் பெரிதும் உதவும். ஏற்ற நாள்களில் கணவனும் மனைவியும் ஒன்றாக இல்லாத மாதங்களைக் "கருத்தரிக்காத மாதங்கள்" என்று கணக்கிடக் கூடாது.

நாளும் நேரமும் குறித்து உறவு கொள்வது சில தம்பதியருக்கு மனஅழுத்தம் தருகிறது. அத்தகையோர் பட்டையை விட்டுவிடலாம். சுழற்சி முழுவதும் இரண்டு, மூன்று நாள்களுக்கு ஒருமுறை உறவு இருந்தாலே ஏற்ற நாள்கள் தவறாமல் அடங்கிவிடும்.

முடிவு தவறாக அமையும் சூழல்கள்

- சினைப்பை நீர்க்கட்டி நோய் (பிசிஓஎஸ்): எல்.எச். அளவு தொடர்ந்து உயர்ந்திருக்கக்கூடும். கருமுட்டை வெளியேறாத போதும் பல நாள்கள் நேர்முடிவு காட்டலாம்.
- மாதவிடாய் நிற்கும் பருவத்தை நெருங்குதல், சினைப்பையின் செயல்திறன் முன்கூட்டியே குறைதல்: இவற்றிலும் எல்.எச். உயர்ந்தே இருக்கும்.
- மருந்துகள்: எச்.சி.ஜி. ஊசி போட்டவர்களுக்கும், குளோமிஃபீன் மாத்திரை உட்கொள்ளும் நாள்களிலும் அதற்கடுத்த சில நாள்களிலும் சோதனை செய்பவர்களுக்கும் பொய்யான நேர்முடிவு கிடைக்கலாம்.
- கர்ப்பம்: ஏற்கெனவே கருத்தரித்திருந்தாலும் நேர்முடிவு தோன்றலாம்.
- குறுகிய ஹார்மோன் ஏற்றம்: சிலருக்கு ஏற்றம் அரைநாளுக்குள் முடிந்துவிடும். நாளுக்கு ஒருமுறை மட்டும் சோதித்தால் அது தவறிப்போகலாம்.

ஒரு சுழற்சியில் நேர்முடிவு கிடைக்காவிட்டால் அஞ்ச வேண்டாம். தொடர்ந்து இரண்டு, மூன்று சுழற்சிகளில் கிடைக்காவிட்டாலோ, பல நாள்கள் விடாமல் நேர்முடிவே காட்டினாலோ மருத்துவரைப் பாருங்கள். கருமுட்டை வெளியேறியதா என்பதை, அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 7 நாள்களுக்கு முன் செய்யும் புரோஜெஸ்டிரோன் இரத்தப் பரிசோதனையாலும், ஃபாலிக்குலர் ஸ்டடி எனப்படும் தொடர் ஸ்கேன் பரிசோதனையாலும் அறியலாம்.

கருமுட்டை வளர்ச்சிக்கான மாத்திரைகளை மருத்துவரின் பரிந்துரையின்றி வாங்கி உட்கொள்ளக் கூடாது. மேலும், இப்பட்டைகளைக் கருத்தடை முறையாகப் பயன்படுத்தவும் கூடாது. நேர்முடிவு தெரிவதற்கு முன் நிகழ்ந்த உறவாலும் கருத்தரிக்க முடியும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

கருத்தடை முறை எதுவுமின்றி, தவறாத தாம்பத்திய உறவில் உள்ள தம்பதியரில் 100 பேருக்கு 80-க்கும் மேற்பட்டோர் ஓராண்டுக்குள் கருத்தரிக்கின்றனர். ஆகவே முதல் சில மாதங்களில் கருத்தரிக்காமை குறைபாடாகாது. ஆயினும் பின்வரும் காலவரம்புகளைக் கடக்க வேண்டாம்.

- பெண்ணின் வயது 35-க்குக் கீழ் இருந்தால்: 12 மாதங்கள்
- 35 அல்லது அதற்கு மேல் இருந்தால்: 6 மாதங்கள்
- 40-ஐக் கடந்திருந்தால்: காத்திருக்காமல் உடனடியாக

மாதவிடாய் 21 நாள்களுக்குள்ளோ 35 நாள்களுக்கு மேலோ வருதல், கடுமையான மாதவிடாய் வலி, இடுப்புப் பகுதித் தொற்று, காசநோய் பாதிப்பு, சினைப்பை அல்லது கருக்குழாய் அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் வயது எதுவாயினும் காத்திருக்க வேண்டாம். கணவருக்கு விரை இறங்காமை, பொன்னுக்கு வீங்கியின்போது விரை வீக்கம், விரைப் பகுதி அறுவைச் சிகிச்சை, புற்றுநோய்ச் சிகிச்சை ஆகியவற்றுள் ஏதேனும் இருந்திருந்தாலும் அவ்வாறே.

பரிசோதனை இருவருக்கும் உரியது

திருமணமாகிச் சில மாதங்களிலேயே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்னும் கேள்வி எழுகிறது. அக்கேள்வி பெரும்பாலும் பெண்ணை நோக்கியே வருகிறது. பட்டைகளைக் கொண்டு மாதந்தோறும் சோதித்துக்கொள்பவரும் அவரே. ஆனால் குழந்தையின்மைக்கான காரணங்களில் ஏறத்தாழ பாதியில் ஆணின் பங்கும் உள்ளது. பட்டையில் மாதந்தோறும் நேர்முடிவு தெரிந்தும் கருத்தரிக்கவில்லை என்றால், அடுத்துச் செய்ய வேண்டியது மேலும் ஒரு பெட்டி பட்டைகள் வாங்குவது அன்று. கணவரின் விந்துப் பரிசோதனையே முதலில் செய்யவேண்டியவற்றுள் ஒன்று. 2 முதல் 7 நாள்கள் உறவைத் தவிர்த்த பின் தரும் ஒரு மாதிரியைக் கொண்டு செய்யப்படும் எளிய பரிசோதனை அது. பெண்ணுக்கு ஸ்கேன், கருக்குழாய்ச் சோதனை முதலியவற்றைச் செய்துவிட்டு இறுதியில் ஆணைப் பரிசோதிப்பது காலத்தையும் பணத்தையும் வீணாக்கும்.

குடும்பத்தில் மூத்தோர் இதனை உணர்ந்து, மகனையும் மருமகளையும் சேர்த்தே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

கருத்தரிக்கும் முன் செய்யவேண்டியவை

- கருத்தரிக்க முயலத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தேனும் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளுங்கள். வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொள்பவர்களுக்கும், முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறைபாடு இருந்தவர்களுக்கும் கூடுதல் அளவு தேவைப்படலாம், மருத்துவரைக் கேளுங்கள்.
- இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பரிசோதித்துக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்.
- நாள்பட்ட நோய்க்கு மருந்து உட்கொள்பவர் தாமாக நிறுத்தாமல், கருத்தரிக்கும் எண்ணத்தை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.
- கணவன், மனைவி இருவரும் புகையிலையையும் மதுவையும் தவிருங்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது

கடந்த மூன்று சுழற்சிகளின் மாதவிடாய்த் தேதிகள், பட்டையில் நேர்முடிவு கிடைத்த தேதிகள், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், முந்தைய பரிசோதனை அறிக்கைகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பயன்படுத்திய பட்டைகளைக் கொண்டுவரத் தேவையில்லை. தேதிக் குறிப்பே போதும். முதல் வருகையிலேயே இருவரும் சேர்ந்து வருவது நல்லது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதற்கட்ட ஆலோசனை பெறலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து அரசு மருத்துவமனையின் மகப்பேறு மற்றும் மகளிர் நலப் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்படுவீர்கள்.

சோதனைப் பட்டை ஏற்ற நாளைச் சுட்டிக்காட்டும் ஒரு கருவி மட்டுமே. அதில் கோடு தெரியாத மாதம் பெண்ணின் குறையைக் காட்டுவதாகாது. கோடு தெரிந்த மாதம் எல்லாம் சரியாக உள்ளது என்பதற்கு உறுதியும் ஆகாது. உரிய காலவரம்பு வரை அதனைப் பயன்படுத்துங்கள். அதன் பின்னரும் கருத்தரிக்கவில்லையெனில், தயங்காமல் இருவரும் மருத்துவரை அணுகுங்கள்.