இரண்டு நாற்காலிகள் காலியான நாள்

தொழில்நுட்பத் தலைமையை எப்படி நிதானமாகத் தேடி அமர்த்துவது என்று சென்ற சில வாரங்களாகப் பேசிவந்தோம். நிதானத்துக்கே இடமில்லாத வேளையும் ஒரு நிறுவனத்துக்கு வரும். அப்போது தேவைப்படுபவர் இடைக்கால அதிகாரி. அவரை அமர்த்துவதில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று புரிந்துகொள்ள, அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 2017இல் நடந்ததைப் பார்ப்போம்.

ஈக்விஃபேக்ஸ், 1899இல் தொடங்கப்பட்ட நிறுவனம். யார் எவ்வளவு கடன் வாங்கினார், தவணையை ஒழுங்காகக் கட்டினாரா என்ற விவரங்களைத் திரட்டி வங்கிகளுக்குக் கொடுப்பது அதன் தொழில். இந்தியாவிலும் அதற்கு நிறுவனம் உண்டு. 2017 செப்டம்பர் 7ஆம் தேதி, தன் கணினிகளுக்குள் யாரோ புகுந்து 14.3 கோடி அமெரிக்கர்களின் விவரங்களைத் திருடிவிட்டதாக அது அறிவித்தது. பிறகு அந்த எண்ணிக்கை 14.7 கோடியைத் தொட்டது. பெயர், முகவரி, பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் என்று எல்லாமே போயின. பறிகொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்த நிறுவனத்தை நாடிப் போனவர்களே அல்லர். யாரோ எங்கோ சேர்த்துவைத்த விவரத்துக்காக, கேட்காத மக்கள் வாழ்நாள் முழுதும் கவலைப்பட வேண்டியதாயிற்று. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

செப்டம்பர் 15ஆம் தேதி, தலைமைத் தகவல் அதிகாரியும் தலைமைப் பாதுகாப்பு அதிகாரியும் உடனடியாக ஓய்வு பெறுகிறார்கள் என்று நிறுவனம் சொன்னது. வீடு பற்றி எரியும்போதே இரண்டு நாற்காலிகளும் காலி.

அந்த இடங்களில் யாரை உட்காரவைப்பது என்று பேசுமுன், தவறு எங்கே நடந்தது என்று பார்த்தாக வேண்டும். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு மார்ச் 7ஆம் தேதியே திருத்தம் வெளியாகிவிட்டது. இரண்டு நாளில், 48 மணி நேரத்துக்குள் அதைப் போடும்படி நிறுவனத்துக்குள் மின்னஞ்சலும் போனது. ஆனால் வாடிக்கையாளர் புகார்களைப் பெறும் தளத்தில் அது போடப்படவில்லை. அந்தத் தளத்தின் போக்குவரத்தைக் கண்காணிக்க வேண்டிய கருவியோ, பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி, 19 மாதங்களாகக் கண்மூடிக் கிடந்தது. ஜூலை 29ஆம் தேதி சான்றிதழைப் புதுப்பித்த அன்றே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. அதற்குள் திருடர்கள் 76 நாட்கள் உள்ளே உலவிவிட்டார்கள்.

இத்தனைக்கும் அடியில் இருந்தது ஆட்களின் ஏற்பாடு. பாதுகாப்பு அதிகாரி, தகவல் அதிகாரியின் கீழ் இல்லை. சட்டத் துறைத் தலைவரின் கீழ் இருந்தார். முன்பு அந்தப் பதவிகளில் இருந்த இருவருக்கிடையே ஒத்துப்போகவில்லை என்பதற்காகச் செய்த மாற்றம், அவர்கள் போன பின்னும் அப்படியே நின்றுவிட்டது. பாதுகாப்புத் துறை எச்சரிக்கை அனுப்பும். தொழில்நுட்பத் துறை அதைச் செயல்படுத்த வேண்டும். செயல்படுத்தியதா என்று பார்க்கும் பொறுப்பு மட்டும் யாரிடமும் உறுதியாக இல்லை. அமெரிக்க நாடாளுமன்றக் குழு 2018 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை இதை வெளிப்படையாகவே குற்றம் சாட்டியது.

இனி, நியமனம். தகவல் அதிகாரியின் இடத்தில் மார்க் ரோர்வாசரும், பாதுகாப்பு அதிகாரியின் இடத்தில் ரஸ் ஏயர்ஸும் இடைக்காலமாக அமர்த்தப்பட்டார்கள். இருவரும் உள்ளே இருந்தவர்கள். முன்னவர் 2016இல்தான் சேர்ந்து, வெளிநாட்டுப் பிரிவுகளின் தொழில்நுட்பத்தைக் கவனித்தவர். ஆபத்து நேரத்தில் இது சரியான முடிவு என்பேன். திருடர்கள் நுழைந்த அமைப்பு 1970களில் கட்டப்பட்டது. எந்த இணைப்பு எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கவே புதியவருக்கு மாதங்கள் பிடிக்கும்.

ஆனால் உள்ளேயிருந்து எடுப்பது என்றால், வரிசையில் அடுத்து நிற்பவரைத் தூக்கி உட்காரவைப்பது என்று பொருளல்ல. இதே நிறுவனத்தில் உலகளாவிய தகவல் அதிகாரியாக அடுத்து வரவிருந்தவர், திருட்டுச் செய்தி வெளியாகும் முன்பே தன் பங்குகளை விற்றுவிட்டார். பங்குச் சந்தை ஆணையம் வழக்குத் தொடுத்தது. குற்றவியல் வழக்கில் 2019இல் அவருக்கு நான்கு மாதச் சிறை. ஒருவேளை அவரே அந்தப் பொறுப்பில் அமர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது நியமன அறிவிப்பில் இருந்த இன்னொரு வரி. புதிய பாதுகாப்பு அதிகாரி, தகவல் அதிகாரியின் கீழ் பணியாற்றுவார் என்று அதிலேயே சொல்லிவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத முடிச்சு, இடைக்கால நியமனத்தோடு ஒரே நாளில் அவிழ்ந்தது. நிரந்தர அதிகாரிக்குக் காக்க வேண்டிய நட்பும் பகையும் உண்டு. தற்காலிகமாக வருபவரின் பலமே அவை இல்லாததுதான். அவரை வெறுமனே நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக உட்காரவைத்தால் அந்தப் பலம் வீண்.

நிரந்தரப் பதவிகளுக்கு நிறுவனம் வெளியே தேடியது. 2018 பிப்ரவரியில், 2014இல் இதேபோன்ற திருட்டைச் சந்தித்த ஹோம் டிப்போ நிறுவனத்திலிருந்து ஜமீல் ஃபார்ஷி பாதுகாப்புத் தலைவராக வந்தார். தகவல் அதிகாரியின் பொறுப்புக்கு, தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி என்ற பெயரில் பிரைசன் கோலர், ஐபிஎம்மிலிருந்து ஜூன் மாதம் வந்தார். இடைக்காலம் என்பது ஏறத்தாழ ஐந்து முதல் ஒன்பது மாதம். அதற்குமேல் நீட்டினால், எந்தப் பெரிய முடிவும் எடுக்கப்படாமல் 'புதியவர் வரட்டும்' என்று எல்லாம் தேங்கிவிடும்.

உள்ளே தகுந்த ஆள் இல்லாத சிறு நிறுவனத்தை நடத்துகிறவர்கள் நாள் கணக்கிலோ வாரத்தில் இரண்டு நாளோ வந்துபோகும் அனுபவசாலியை வெளியிலிருந்து அமர்த்துவது இப்போது பரவலாகிவருகிறது. அப்படிச் செய்யும்போது நியமனக் கடிதத்தில் அவர் எதைச் சரிசெய்ய வந்திருக்கிறார், எவ்வளவு செலவுக்கு அவர் கையெழுத்து போதும், எந்த வேலையை நிறுத்த அவருக்கு அதிகாரம் என்பதை எழுதிவிடுங்கள். அவருக்குப் பங்குள்ள நிறுவனத்துக்கு ஒப்பந்தம் தரக் கூடாது என்பதையும் சேருங்கள். முக்கியமாக, சர்வர், டொமைன், கிளவுட் கணக்குகளின் உரிமை நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கட்டும். இவை இன்று யார் பெயரில் இருக்கின்றன என்று இந்த வாரமே உங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள்.

(தொடரும்)