கடைசி வீட்டுக்குத் தண்ணி எப்போ வரும்? மாடல் சொல்லுமா?

கோவில்பட்டிக்கு வருவது தாமிரபரணித் தண்ணீர். சீவலப்பேரியில் எடுத்து, பம்ப் பண்ணி, கரிசல் காட்டைத் தாண்டிக் கொண்டு வர்றாங்க. நம்ம பக்கத்து ஊர்களில் பெரும்பாலும் தெருவுக்கு முறை வைத்துத்தான் வால்வைத் திறப்பாங்க. அப்படித் திறந்தால் மேட்டுத் தெருவின் கடைசி வீட்டுக்கு எவ்வளவு போகும்?

இதைக் கணக்கிட ஈபாநெட் என்ற இலவச மென்பொருள் இருக்கு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-ல் வெளியிட்டது. குழாய்கள் கோடுகள், அவை சேரும் இடங்கள் புள்ளிகள். ஒரு புள்ளிக்குள் வரும் தண்ணீரும் வெளியேறும் தண்ணீரும் சமம். ஓடும் வழியில் உராய்வால் அழுத்தம் குறையும். கிர்க்காஃப் விதி ஞாபகம் வருதா? அதே மாதிரிதான். ஒரு வித்தியாசம்: குழாயின் விட்டம் பாதியானால், அதே அழுத்தச் சரிவில் ஓட்டம் பாதியாகாது, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிடும்.

நிகழ்நேர மாடல்னா, தொட்டி மட்டம், ஓட்டம், அழுத்தம் எல்லாம் சென்சார்களிலிருந்து தொடர்ந்து வந்து இந்தக் கணக்கைத் திருத்தும். உதாரணமாக, ஓரிடத்தில் கணக்குப்படி 15 மீட்டர் அழுத்தம் இருக்கணும். சென்சார் 9 தான் காட்டுது. அப்போ வழியில் கசிவோ, பாதி மூடிய வால்வோ இருக்கலாம். கரிசலில் இது முக்கியம். மழையில் உப்பி, வெயிலில் சுருங்கிப் பிளக்கும் மண் குழாயின் இணைப்புகளை அசைத்துவிடும். கசியும் தண்ணீர் வெடிப்புக்குள்ளேயே இறங்கினால் மேலே ஈரம்கூடத் தெரியாது.

ஆனா ஒரு சிக்கல். ஈபாநெட் குழாய் எப்போதும் நிறைந்திருப்பதாக எடுத்துக்கொள்ளும். 2020-ல் வந்த 2.2 பதிப்பில், அழுத்தம் குறைந்தால் கிடைக்கும் தண்ணீரும் குறையும் என்று கணக்கிட வழி வந்தது. அப்பவும் காலிக் குழாய் நிரம்பும் நேரம் அதில் வராது. முறைத் தண்ணீரில் அந்த நேரம்தான் சண்டையே. முன் வீடுகளில் மோட்டார் வைத்து உறிஞ்சினால், கடைசி வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். மாடலோ எல்லாருக்கும் தண்ணி போயாச்சுன்னு காட்டும்.

அதனால ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு இதை எடுத்தால், முதலில் வால்வு திறக்கும் அண்ணனோட ஒரு வாரம் நடங்க. எந்த வால்வு, எத்தனை சுற்று, எத்தனை மணிக்கு, கடைசி வீட்டில் முதல் குடம் எப்போ நிறைஞ்சது என்று நோட்டில் எழுதுங்க. மாடல் சொல்லும் நேரமும் அந்த நேரமும் ஒத்துப்போனால் மட்டும் சென்சார் வாங்கக் காசு கேளுங்க.