பெயரில்லாத முகங்கள்

மன்னருக்குப் படம் உண்டு, மாளிகைக்கும் உண்டு. மண் சுமந்த மக்களுக்கு உண்டா? உண்டு தோழர்களே! ஆனால் இருப்பது எங்கே? லண்டனில்!

1806 இல் ரிங்கல்தௌபே மயிலாடி வந்தார். அவரை அனுப்பிய லண்டன் மிஷனரி சங்கம், பின்னாளில் நாகர்கோவிலில் பள்ளி நடத்திற்று, நெய்யூரில் மருத்துவமனை நடத்திற்று, படமும் பிடித்தது. கண்ணாடித் தகடுகளை விளக்கொளியில் திரையிலே காட்டி, இங்கிலாந்தில் நன்கொடை திரட்டிற்று. சங்கத்தின் ஆவணங்கள் 1973 இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை, ஆப்பிரிக்கவியல் கல்லூரிக்குச் சென்றன. அவற்றிலுள்ள படங்கள் பல இன்று மின்னணுக் காப்பகத்தில், கைப்பேசியிலேயே காணலாம்.

பாருங்கள், படத்தின் அடிக்குறிப்பை! துரைக்குப் பெயர் உண்டு. உடன் நிற்கும் நம்மவர் பெரும்பாலும் வெறும் 'மாணவியர்', 'செவிலியர்'!

தோள்சீலை உரிமைக்குப் போராடி 1859 இல் அரசாணை பெற்ற மண் இது. இம்மண்ணின் பெண் நிமிர்ந்து நிற்கும் படம், வெறும் படமா? வரலாற்றுச் சாட்சியல்லவா? சாட்சிக்குப் பெயர் வேண்டாமா?

ஊர்க் கிழவிகளிடம் படங்களைக் காட்டுவோம். "இது யார், பாட்டி?" என்று கேட்போம். சொன்னதை எழுதுவோம், காப்பகத்துக்கு அனுப்புவோம். தகடு உடையாமல் காத்தனர் அவர்கள். பெயர் அழியாமல் காப்போம் நாம்!