பலகையில் இருப்பது எந்த எண்?

நகரி பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் அந்தத் தம்பி எனக்காகக் காத்திருந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர். முந்தின நாள் அவருடைய அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து முன்கை முறிந்துவிட்டது. திருத்தணியில் எக்ஸ்ரே எடுத்துத் தற்காலிகமாக ஒரு கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள். வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. சொந்தக்காரர் ஒருவர் தமிழ்நாட்டுப் பக்கம் தனக்குத் தெரிந்த ஓர் இடத்தைச் சொல்லி, அதன் பெயர்ப்பலகையைப் படமெடுத்தும் அனுப்பியிருந்தார். தம்பி போனை என் பக்கம் திருப்பினார். மேலே பெரிய எழுத்தில் 'ஒரிஜினல் புத்தூர் கட்டு', கீழே 'அரசு பதிவு பெற்றது', அதற்கும் கீழே வைத்தியரின் பெயரும் ஒரு எண்ணும்.

"அண்ணா, நம்பர் எல்லாம் போட்டிருக்கு. அப்ப டாக்டர்தானே?"

அப்படிச் சொல்லிவிட முடியாது என்றேன். ஏன் முடியாது என்பதற்கு இரண்டு டீ ஆயிற்று. அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். கை முறிந்த வீடுகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

எங்கள் பக்கத்தில் புத்தூர் கட்டு தெரியாதவர் கிடையாது. ஆந்திராவில் நகரியிலிருந்து ரேணிகுண்டா போகும் சாலையில் புத்தூர். அதன் அருகே ராசபாளையம் என்ற சிற்றூர். 1881-ல் கேசவ ராஜு என்பவர் அங்கே எலும்புமுறிவு வைத்தியத்தைத் தொடங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. வேட்டையில் கால் உடைந்த ஒரு முயலுக்கு ஏதோ ஒரு தழையைச் சுற்றிவைக்க, அது குணமாகி ஓடியதாம். இலையை அரைத்த பற்று, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி, இவைதான் அந்தக் கட்டு. ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் என்று மூன்று மாநிலத்து மக்களும் கையையும் காலையும் தாங்கிக்கொண்டு அந்தச் சிற்றூருக்கு வந்து இறங்குவதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பணமில்லாதவனும் நம்பிப் போகிற இடமாக அது இருந்ததை நான் மரியாதையோடுதான் நினைக்கிறேன்.

ஆனால் தம்பி காட்டிய படம் ராசபாளையத்துடையது அல்ல. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு 'புத்தூர் கட்டு' பலகை கண்ணில் படும். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி எழுதிக்கொள்ள முடிகிறது என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி.

திருப்பதி லட்டை எடுத்துக்கொள்வோம். திருமலை திருப்பதி தேவஸ்தானம் அதற்குப் புவிசார் குறியீடு கேட்டு, 2009-ல் பெற்றது. அதற்கு முன்பே ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக்கும் அந்தக் குறியீடு கிடைத்துவிட்டது. இரண்டும் சென்னை கிண்டியில் உள்ள பதிவகத்தின் ஏட்டில் இருக்கின்றன. யார் விண்ணப்பித்தார்கள், எந்த எல்லைக்குள் செய்தது, எப்படிச் செய்வது என்பதெல்லாம் அந்த ஏட்டில் உண்டு, யாரும் பார்க்கலாம். ஆகவே வேறு ஊர்க் கடைக்காரர் தன் லட்டுக்குத் திருப்பதி லட்டு என்று பெயர் வைத்தால் கேட்க ஆள் இருக்கிறது. புத்தூர் கட்டுக்கு இந்த வழி கிடையாது. 1999-ல் வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் பொருள்களைப் பற்றியது. விளைபொருள், கைவினைப் பொருள், உணவு, ஆலைப் பொருள் என்று கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் விரலால் தடவிப் பார்த்து, விலகிய எலும்பை இழுத்துச் சேர்ப்பது பொருள் ஆகாது. அது சேவை. வணிகச் சின்னம் வாங்கலாம் என்றாலோ, வெறும் ஊர்ப் பெயரையும் தொழிலின் பெயரையும் சேர்த்து எனக்கே சொந்தம் என்று கேட்டால் அந்தச் சட்டம் எளிதில் இடம் கொடுக்காது. எனவே 'புத்தூர் கட்டு' என்ற சொல் எவருக்கும் உரிமையான சொல் அல்ல. 'ஒரிஜினல்' என்று முன்னால் சேர்த்துக்கொள்வதைத் தடுக்கவும் ஏடு இல்லை.

அப்படியானால் அந்தப் பலகையில் இருந்த எண் என்ன? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். எண்ணைக் கொடுத்த அலுவலகத்தின் பெயர் எங்குமே இல்லை. இங்கேதான் நம் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். பதிவு எண் என்பது நூறு வகை. சங்கம் பதிவு செய்தால் ஒரு எண். அறக்கட்டளைக்கு ஒரு எண். கடை என்று தொழிலாளர் துறையில் பதிந்தால் ஒன்று, சிறுதொழில் என்று உத்யம் தளத்தில் பதிந்தால் ஒன்று, நகராட்சித் தொழில் உரிமத்துக்கு ஒன்று, ஜிஎஸ்டிக்கு ஒன்று. இவை அத்தனையும் அரசு கொடுத்த எண்கள்தான், 'அரசு பதிவு பெற்றது' என்று எழுதினால் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் இவற்றில் ஒன்றுகூட இந்த மனிதர் எலும்பைத் தொடலாம் என்று சொல்லவில்லை. இன்னொரு வகையும் உண்டு. சங்கமாகப் பதிவு செய்துகொண்ட ஒரு தனியார் அமைப்பு, தன் பங்குக்கு மற்றவர்களுக்கு 'மாற்று மருத்துவர்' சான்றிதழும் எண்ணும் கொடுக்கும். சங்கத்துக்குக் கிடைத்த பதிவு சான்றிதழ் வாங்கியவரின் தகுதி போலத் தோற்றம் தரும். என் உறவினர் ஒருவர் அப்படி ஒரு ஃபிரேம் போட்ட சான்றிதழைச் சுவரில் பார்த்து நம்பிப் போனார். ஆறு மாதம் கழித்தும் அவரால் முழங்கையை முழுதாக நீட்ட முடியவில்லை. அதனால்தான் இதில் எனக்கு இவ்வளவு வேகம்.

மருத்துவருடைய எண் தனி ஏட்டில் இருக்கும். எம்பிபிஎஸ் படித்தவர் மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிய வேண்டும். சென்னையில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், விஜயவாடாவில் ஆந்திரப் பிரதேச மருத்துவக் கவுன்சில். எல்லாக் கவுன்சில்களிலும் பதிந்தவர்களைச் சேர்த்துத் தேடும் வசதி தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில், இந்திய மருத்துவப் பதிவேடு என்ற பெயரில் இருக்கிறது. பெயரையோ எண்ணையோ போட்டால் எந்தக் கவுன்சில், என்ன பட்டம், எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு என்று வரும். எண்ணோடு கவுன்சிலின் பெயரையும் கட்டாயம் கேளுங்கள். ஒவ்வொரு கவுன்சிலும் தனித்தனியாக எண் போடுவதால், ஒரே எண் சென்னையில் ஒருவருக்கும் விஜயவாடாவில் வேறொருவருக்கும் இருக்கலாம். மருத்துவர் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், பணம் வாங்கிய ரசீதிலும் காட்ட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி. ஆகவே கேட்பதில் கூச்சம் வேண்டாம். சித்தா, ஆயுர்வேதம், யுனானி படித்தவர்களுக்கும் இதேபோல மாநிலப் பதிவேடு உண்டு. மருத்துவமனைக் கட்டடத்துக்கு வாங்கும் பதிவு இவை எதிலும் சேராது. தமிழ்நாட்டில் அதற்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டம், ஆந்திராவில் 2002-ஆம் ஆண்டுச் சட்டம்.

ஏடு சொல்லாதவையும் உண்டு. அந்த மருத்துவர் எங்கெல்லாம் வேலை பார்த்தார், எத்தனை முறிவைச் சேர்த்தார் என்று அதில் இருக்காது. பட்டத்தைத்தான் அது எழுதுகிறது, கைத்திறமையை எழுதுவதில்லை. தம்பி உடனே பிடித்துக்கொண்டார்: "அப்ப பரம்பரை வைத்தியருக்குப் பட்டம் இல்லை, ஏடும் இல்லை. கைத்திறமை மட்டும் இருக்கு. அவர் கதி?"

அதற்குச் சட்டத்தில் ஒரு வாசல் இருந்தது. 1970-ல் இந்திய மருத்துவ மத்தியக் கவுன்சில் சட்டம் வந்தபோது, பதிவேடு இல்லாத மாநிலத்தில் அதற்கு முன்பே குறைந்தது ஐந்து ஆண்டுகள் வைத்தியம் பார்த்துவந்தவரின் உரிமையைக் காப்பாற்றினார்கள். ஆனால் கவனியுங்கள், அந்த உரிமை ஆளுக்கு, குடும்பத்துக்கு அல்ல. தாத்தாவோடு அது போய்விடும். தொழிலோ அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது. கேரளத்துப் பாரம்பரிய வைத்தியர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அங்கீகரிக்கப்பட்ட தகுதியும் பதிவும் இல்லாமல் வைத்தியம் செய்ய முடியாது என்று 2018 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பின் நியாயம் எனக்குப் புரிகிறது. இறுக்கிக் கட்டிய கட்டால் ரத்த ஓட்டம் நின்று, விரலோ கையோ போன பிள்ளைகள் உண்டு. அதே சமயம் நூறாண்டு அனுபவத்தைச் சோதித்துப் பார்த்துப் பதிவு செய்ய ஒரு வழி வைக்காமல் கதவை மூடுவது சரியில்லை என்றும் நினைக்கிறேன். இந்தியத் தரக் கவுன்சில், பெங்களூரில் உள்ள மரபு மருத்துவ நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து, நாட்டு வைத்தியர்களைச் சோதித்துச் சான்று தரும் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் எலும்பு கட்டுவதும் ஒரு பிரிவு. அது விருப்பச் சான்று, மருத்துவ உரிமம் ஆகாது. ஆனாலும் ஒருவருடைய கையை இன்னொருவர் பார்த்து எழுதிய தாள் அது.

நூறு வருடம் முன்னால் சென்னை மாகாணத்தில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1914-ல் மாகாண மருத்துவப் பதிவுச் சட்டம் வந்து, ஆங்கில வைத்தியம் படித்தவர்களுக்கு மட்டும் ஏடு திறந்தது. நாட்டு வைத்தியர்கள் ஏட்டுக்கு வெளியே. 1921-ல் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். தமிழ், தெலுங்கு, உருது என்று அவரவர் மொழியில் வைத்தியர்கள் எழுதிக் கொடுத்த பதில்களை அந்தக் குழு 1923-ல் தன் அறிக்கையோடு அச்சிட்டது. 1925-ல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியதற்கு அதுவே அடிப்படை. வைத்தியர்கள் தங்கள் தொழிலைத் தாங்களே சொன்ன அரிய பொது ஆவணம் அது. உங்கள் பாட்டனார் பெயரை அப்படிப்பட்ட பழைய ஏடுகளில் தேடுகிறீர்களானால் ஊரின் வரலாற்றையும் மனதில் வையுங்கள். இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ள புத்தூர் 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம். சித்தூர் மாவட்டமே 1911-ல் பிறந்தது, அதற்கு முன்பு புத்தூர்ப் பக்கம் வட ஆற்காடு. 1953 வரை சென்னை மாகாணம். திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. குடும்பம் ஒரே வீட்டில் இருந்திருக்கும், ஏட்டில் ஊரின் மேல்விலாசம் மட்டும் மாறிக்கொண்டே போயிருக்கும்.

இரண்டாவது டீ வந்தது. "அந்த இலைக்காவது பேட்டன்ட் வாங்கலாமே அண்ணா, ரகசியமாகத்தானே வைத்திருக்காங்க?"

ரகசியமும் பேட்டன்டும் ஒரே வீட்டில் குடியிருக்காது. பேட்டன்ட் என்பது அரசோடு செய்துகொள்ளும் பேரம். நீ கண்டுபிடித்ததை முழுதாக எழுதிக் கொடு, இருபது ஆண்டுகள் வேறு யாரும் செய்யாமல் பார்த்துக்கொள்கிறேன் என்கிறது அரசு. விண்ணப்பம் பொதுவாகப் பதினெட்டு மாதத்தில் வெளியாகிவிடும். சென்னை அலுவலகத்தில் கொடுத்தாலும் ஊர் உலகம் இணையத்தில் படிக்கலாம், ஆட்சேபமும் கொடுக்கலாம். தவிர, நம் பேட்டன்ட் சட்டத்தில் மூன்றாம் பிரிவு, பாரம்பரிய அறிவு கண்டுபிடிப்பு ஆகாது என்று நேராகவே சொல்கிறது. எனவே பாட்டன் சொன்ன இலைக்குப் பேரனும் பேட்டன்ட் கேட்க முடியாது, வெளிநாட்டுக் கம்பெனியும் கேட்க முடியாது.

ஆனால் வெளிநாட்டுக்காரன் அவன் நாட்டில் கேட்டால்? மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குப் பேட்டன்ட் கொடுத்துவிட்டார்கள். நம் அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர் அதை எதிர்த்தது. நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும் என்று வாயால் சொன்னால் எடுபடாது. எழுதியது வேண்டும். சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்களிலிருந்தும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையிலிருந்தும் ஆதாரம் சேர்த்துக் கொடுத்த பிறகு 1997-ல் அந்தப் பேட்டன்ட் ரத்தானது. அந்த அனுபவத்துக்குப் பின்தான் 2001-ல் பாரம்பரிய அறிவு மின்னூலகத்தைத் தொடங்கி, சித்தா, ஆயுர்வேத நூல்களில் உள்ளவற்றை வெளிநாட்டுப் பேட்டன்ட் அலுவலர்கள் படிக்கும் மொழிகளில் மாற்றிவைத்தார்கள். எழுதாமல் வாயிலும் கையிலும் மட்டும் இருக்கும் அறிவு அந்த நூலகத்துக்குள் வராது. புத்தூர்ப் பக்கத்து வைத்தியர்களைப் பார்க்கும்போதெல்லாம் என்னை உறுத்துவது இதுதான்.

அவர்களுக்கு ஓர் ஏடு உண்மையிலேயே இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு ஊர் மக்களைக் கேட்டு மக்கள் பன்மயப் பதிவேடு எழுத வேண்டும். செடி, மரம், மீன், மாடு மட்டுமல்ல, ஊரில் உள்ள நாட்டு வைத்தியர்களுக்கும் அந்தப் படிவத்தில் இடம் உண்டு. யாருக்கும் உரிமம் கொடுக்கும் ஏடு அல்ல. இந்த ஊரில், இந்தக் கை, இந்த வேலையைத் தெரிந்துவைத்திருந்தது என்று எழுதிவைக்கும் ஏடு.

தம்பியின் அப்பா விஷயத்துக்கு வந்தோம். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தாலும், விரல் நீலம் பாரித்தாலும், சில்லிட்டாலும், மரத்துப்போனாலும், கட்டியபின் வலி கூடிக்கொண்டே போனாலும், எந்தக் கட்டாக இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரி என்று சொன்னேன். பலகையில் இருந்த பெயரை மருத்துவப் பதிவேட்டில் இருவரும் தேடினோம். வரவில்லை. சொந்தக்காரருக்குப் போன் போட்டு, அந்த எண்ணைக் கொடுத்தது எந்த அலுவலகம் என்று கேட்கச் சொன்னார் தம்பி. பிறகு டீக்குக் காசு கொடுத்துக்கொண்டே கேட்டார்:

"எங்க தெருவில் சுளுக்கு எடுக்கிற ஆயா ஒண்ணு இருக்கு அண்ணா. எண்பது வயசு. அது பேரு அந்தப் பதிவேட்டில் இருக்குமா?"

திங்கட்கிழமை உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய், பன்மயப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பதாக இருவரும் முடிவு செய்தோம். அதற்குள் ஆயாவின் முழுப் பெயரைக் கேட்டு வைக்கிறேன் என்றார். தெருவில் யாருக்கும் அது தெரியாதாம்.