மான்கறி மெத்தென்று ஆவது எப்படி?

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் ஓநாய்களை மனிதர்கள் கொன்று தீர்த்துச் சில நூற்றாண்டுகள் ஆகின்றன. அடித்துத் தின்ன ஆள் இல்லாததால் மான்கள் பெருகிவிட்டன. இன்று சுமார் 10 லட்சம் இருக்கலாம் என்பது அரசுத் தரப்பு மதிப்பீடு. முளைத்துவரும் மரக்கன்றுகளை அவை மேய்ந்துவிடுவதால் காடு மறுபடி தழைக்க வழியில்லை. அதனால் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் அனுமதியோடு சுடப்படுகின்றன. அந்தக் கறிதான் கடைக்கு வருகிறது. குளிர்காலத்தில் அது ‘கேசரோல்’ ஆகிறது: கனமான மூடி போட்ட பாத்திரத்தில் கறி, வெங்காயம், கேரட், சிவப்பு ஒயின், ஜின் மதுவுக்கு மணம் தரும் ஜூனிபர் பழம் நாலைந்து. ஓவனில் வைத்து மூடினால் மூன்று மணி நேரம் திறக்க வேண்டியதில்லை.

கறியின் தரம் அடுப்புக்கு வருமுன்பே பாதி தீர்மானமாகிவிடுகிறது. அமைதியாக மேய்ந்துகொண்டிருந்த மான் ஒரே குண்டில் விழுந்தால், தசையில் சேமித்திருந்த கிளைகோஜன் லாக்டிக் அமிலமாக மாறும். கறி அளவான புளிப்புத்தன்மை பெறும். துரத்தப்பட்டு மிரண்டு ஓடிச் செத்த மானுக்கு அந்தச் சேமிப்பே மிஞ்சாது. கறி கறுத்துப் பிசுபிசுக்கும், சீக்கிரம் கெடும். உரித்த மானைக் குளிர்ந்த அறையில் சில நாள் தொங்கவிடுவதும் இதில் சேர்த்தி. அப்போது தசையிலுள்ள நொதிகளே நார்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவைக்கின்றன.

மான்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. இருக்கிற கொழுப்பும் ஆறினால் மெழுகுபோல் வாயில் ஒட்டும் என்பதால் அதை வெட்டி எறிந்துவிட்டு, பன்றிக் கொழுப்பைச் சேர்க்கிறார்கள். ஓயாமல் உழைக்கும் தசைக்கு ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் நிறைய வேண்டும். கறியின் கருஞ்சிவப்பு அதனால் வந்தது.

இனி சூடு. 50 டிகிரி செல்சியஸை ஒட்டி மயோசின் என்ற புரதம் இறுகத் தொடங்குகிறது. 60-ஐத் தாண்டியதும், தசைநார்களைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் உறை சுருங்கி, ஈரத் துணியை முறுக்குவதுபோல் உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து தள்ளுகிறது. 70-ஐ ஒட்டி ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் இறுகும். கறி செருப்புத்தோல் போலாகும் கட்டம் இதுதான். புதிதாகச் சமைப்பவர்கள் இங்கேதான் பயந்துபோய் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அணைக்கக் கூடாது. மூன்று இழைகளாகப் பின்னிய கொலாஜன், வெந்நீரில் மெல்லப் பிரிந்து ஜெலட்டினாகக் கரைவதற்கு மணிக்கணக்கில் அவகாசம் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இழந்த நீர் தசைநாருக்குப் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதே இல்லை. மூன்று மணி நேரம் வெந்த துண்டின் நார்கள் உண்மையில் வறண்டவைதான். கட்டு அவிழ்ந்ததால் அவை தனித்தனியே உதிர்கின்றன, ஜெலட்டின் அவற்றைப் பூசி வழுவழுப்பாக்குகிறது. நாக்கு அதைச் சாறு என்று நம்பிவிடுகிறது. கொலாஜன் குறைவான முதுகுச் சதையை இப்படி வேகவைத்தால் மரத்தூள்தான் மிஞ்சும். விலையுயர்ந்த துண்டைக் கேசரோலில் போடுவது காசுக்குப் பிடித்த கேடு.

முதலில் கறியைச் சட்டியில் சிவக்க வறுப்பது எதற்கு? சாறு வெளியேறாமல் அடைப்பதற்கு என்று பலர் இன்னும் சொல்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் கிளப்பிவிட்ட கருத்து அது. சிவந்த பிறகும் சட்டி ‘சுர்’ரென்று சத்தமிடுகிறதே, அது நீர் வெளியேறும் சத்தம்தானே? வறுப்பது சுவைக்காக. அமினோ அமிலங்களும் சர்க்கரையும் உயர்வெப்பத்தில் கூடிப் புதிய மணங்களை உண்டாக்கும் வினை அது. 1912இல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மையாரின் பெயரால் வழங்குகிறது. சாதாரணப் பாத்திரத்தில் நீரில் வேகும் கறி 100 டிகிரியைத் தாண்டாது; அந்த மணம் வேண்டுமென்றால் முன்கூட்டியே வறுத்தாக வேண்டும்.

ஓவன் 150 டிகிரியில் இருந்தால் போதும். குழம்பு தளதளவென்று கொதிக்கக் கூடாது, அங்கங்கே ஒரு குமிழி எழுந்தால் சரி. பிரஷர் குக்கரில் வெப்பம் 120 டிகிரி வரை ஏறுவதால் கொலாஜன் விரைவில் கரையும். ஆனால் நார்கள் அதிகம் பிழியப்பட்டு வறளும். வயதான மானின் கொலாஜனில் குறுக்குப் பிணைப்புகள் கூடியிருக்கும். அதற்கு இன்னும் ஒரு மணி நேரம்.

இந்தியாவில் மானை வேட்டையாடுவதும் அதன் கறியை வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் வெள்ளாட்டின் கழுத்துக்கறியையோ முன்னங்கால் கறியையோ வாங்குங்கள். அவற்றிலும் இதே கொலாஜன்தான்.